மேலே இருந்து என்னையே பார்த்தேன்: உங்களில் யாருக்காவது நடந்திருக்கிறதா?

விவேக்நகர் வாசி

வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். ஆபீஸில் சொன்னால் நாலு நாள் லீவு போடு என்பார்கள். பெங்களூர்த் தமிழர்கள் இத்தனை பேர் இருக்கும் இடம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கேப்பில் வந்து இறங்கி, பல் தேய்த்துவிட்டுப் படுத்தேன். காலை ஏழரை மணி இருக்கும். கீழே தெருவில் பூக்காரம்மா "ஹூவு, ஹூவு" என்று கூவிக்கொண்டு போனது காதில் விழுந்தது, அதனால் தூங்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஒருக்களித்துப் படுத்திருந்தவள் மல்லாந்தேன். தலை கிறுகிறுவென்று சுற்றியது. கட்டில் அப்படியே கீழே இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த நொடி நான் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கீழே கட்டிலிலும் நான்தான் கிடக்கிறேன்.

என் தலை வகிடு தெரிந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது காலும் அதில் கழன்று தொங்கிய கொலுசும் தெரிந்தன. பீரோவின் மேல்தட்டும் அதன்மேல் வைத்திருக்கும் மஞ்சள் சூட்கேஸும்கூடத் தெரிந்தன. பயம் துளியும் இல்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து "பாவம், எவ்வளவு களைச்சுப் போயிருக்கா" என்று தோன்றியது, வேறு யாரையோ பார்த்து இரங்குவது போல. பிறகு ஒரு உலுக்கு உலுக்கி உடம்புக்குள் வந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

இது நோயா? ஏதாவது கெட்டதுக்கு அறிகுறியா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். கெட்டதுக்கு அறிகுறி என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பெரிய அத்தை அல்சூரில் இருந்தவர். டைஃபாய்டு காய்ச்சலில் மூச்சு அடங்கிவிட்டது என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்களாம். வாசலில் பந்தல் போட ஆளனுப்பியிருக்கிறார்கள். அத்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கறுப்பாக ரெண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனதாகவும், அங்கே ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து "இவள் இல்லை, இதே பேரில் இன்னொருத்தி" என்று அதட்டித் திருப்பி அனுப்பியதாகவும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் அந்த ஏட்டின் நிறம் முதற்கொண்டு சொல்வார். ஆனால் மேலே இருந்து தன் உடம்பைப் பார்த்ததாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அந்த வித்தியாசம்தான் உறைத்தது.

கோடும் கோப்பும்

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரிக் கதைகளை நம்ம ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இருந்த உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயான் ஸ்டீவன்சனும் சேர்ந்து இந்தியாவில் மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பிய 16 பேரின் அனுபவங்களைத் தொகுத்து 1986இல் வெளியிட்டார்கள். எமதூதர்கள் கூட்டிப்போனது, ஏட்டைப் பார்த்தது, ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பியது எல்லாம் அதில் உண்டு. அமெரிக்கர்கள் அடிக்கடி சொல்லும் "மேலே இருந்து என் உடம்பைப் பார்த்தேன்" என்பது இங்கே மிக அரிதாகத்தான் வந்திருக்கிறது. உங்கள் அத்தை அப்படியே அந்தத் தொகுப்புக்குள் போய் உட்காரலாம்.

அக்கா, உங்களுடையது வேறு வகை என்று நினைக்கிறேன். உயிர் போகிற நிலை இல்லை, காய்ச்சல் இல்லை, தலைசுற்றல் மட்டும். அதுதான் முக்கியமான தடயம். அமுக்குவான் மாதிரி கை கால் அசைக்க முடியாமல் இருந்ததா? நைட் ஷிப்ட் ஆட்களுக்கு அது சகஜம். கனவு காணும் தூக்கத்தில் மூளை தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும்; அந்தக் கட்டு அவிழும் முன்னே முழிப்பு வந்துவிட்டால் உடம்பு நகராது, மிதக்கிற மாதிரியும் இருக்கும்.

விவேக்நகர் வாசி

இல்லை தம்பி, அமுக்குவான் எனக்குக் காலேஜ் நாளில் வந்திருக்கிறது, அதன் திகில் நன்றாகவே தெரியும். இதில் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி எதுவும் இல்லை. முதலில் தலைசுற்றல், அப்புறம் நான் மேலே. அவ்வளவுதான்.

தங்கைக்காக

இந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் நிறைய அலைந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் தங்கைக்குப் பன்னிரண்டு வயதில் ஃபிட்ஸ் ஆரம்பித்தது. கீழே விழுந்து வெட்டும் வகை இல்லை. ஒரு நிமிடம் உறைந்து நிற்பாள், வாயைச் சப்புக்கொட்டுவாள், கேட்டால் பதில் வராது. அது முடிந்ததும் "நான் மூலையில நின்னு என்னைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்பாள். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். சொந்தக்காரர் ஒருவர் வேறு யாரோ அவளுக்குள் வந்துவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் சொல்வதையே நிறுத்திக்கொண்டாள். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் அதுதான். வலிப்பு அவளுக்குத் தந்த வேதனையைவிட வாயை மூடிக்கொள்ள வைத்தது பெரிய வேதனை.

பிறகு ஒரு நரம்பியல் டாக்டர் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்து, எம்ஆர்ஐ பார்த்து, அவளை எதிரில் உட்காரவைத்து, "எந்த மூலை? நின்னுக்கிட்டு இருந்தியா, மிதந்தியா? மூஞ்சி தெரிஞ்சுதா, முதுகா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அவள் முழுசாகப் பேசினாள். ஜெனீவாவில் நடந்த ஒன்றையும் அவர் எங்களுக்குச் சொன்னார். 2002இல் ஓலாஃப் பிளாங்கே என்பவரின் குழு வலிப்பு நோயாளியான 43 வயதுப் பெண்ணுக்கு அறுவைக்கு முன்பான பரிசோதனை செய்தது. மூளையின் வலப்பக்கம், காதுக்கு மேல் சற்றுப் பின்னால், நெற்றிப்பொட்டு மடலும் உச்சி மடலும் சேரும் இடத்துக்கு அருகே மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். குறைவாகக் கொடுத்தபோது கட்டிலுக்குள் அமிழ்வதாகவும் உயரத்திலிருந்து விழுவதாகவும் சொன்னார். சற்றுக் கூட்டியதும், மேலே இருந்து தான் படுத்திருப்பதைப் பார்ப்பதாகச் சொன்னார். காலும் இடுப்பும் மட்டும் தெரிந்தனவாம். மறுபடி கொடுத்தால் மறுபடி அதே.

அந்த இடத்தில்தான் கண் பார்ப்பது, தோல் உணர்வது, காதின் சமநிலை உறுப்பு சொல்வது மூன்றும் கூடி "நான் இங்கே இருக்கிறேன்" என்ற உணர்வு உருவாகிறது. மூன்றும் ஒத்துப்போகாத நொடியில் மூளை "நானை" வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தங்கைக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். மூலையில் நிற்பது அடியோடு போய்விட்டது.

அக்கா, ஒரு தடவை வந்தது வலிப்பாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் நினைவு தப்பினாலோ, வாய் தானாக அசைந்தாலோ, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

வார்டு விளக்கு

நான் இதயப் பிரிவு ஐசியூவில் சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

இதயம் நின்றுபோய் (நாங்கள் அரெஸ்ட் என்போம்), நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்து, ஷாக் வைத்து மீண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. சிலர் மட்டும் வார்டுக்கு மாற்றிய பிறகு, ராத்திரி பிபி பார்க்கப் போகும்போது, "சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் முன்னால் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு பெரியவர், "என் வேட்டிய கத்திரிக்கோல் போட்டு வெட்டுனீங்க, மேலேர்ந்து பாத்தேன். புது வேட்டிம்மா அது" என்றார். வெட்டினது உண்மைதான். அவசரத்தில் துணியை அவிழ்க்க நேரம் இருக்காது, வெட்டித்தான் எடுப்போம்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? நெஞ்சை நன்றாக அழுத்தும்போது மூளைக்கு ஓரளவு ரத்தம் போகும். சிலருக்கு அரைகுறையாக நினைவு வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம், கையைக்கூடத் தட்டிவிடுவார்கள். கத்திரிக்கோலின் குளிர்ச்சி தோலில் தெரிந்திருக்கலாம், நாங்கள் பேசிக்கொண்டது கேட்டிருக்கலாம். விழித்த பிறகு மகன் "வேட்டி கிழிஞ்சு போச்சுப்பா" என்று சொன்னதும் சேர்ந்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "ஆமாப்பா, வெட்டினோம். அப்புறம் என்ன பாத்தீங்க?" என்றுதான் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். அன்று தூக்க மாத்திரை கேட்கவில்லை.

இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். நோயாளி இதைச் சொன்னால் "அதெல்லாம் மருந்து மயக்கம்" என்று ஒரே வரியில் அடைத்துவிடாதீர்கள். மருந்தாகவே இருந்தாலும்தான். மயக்க மருந்தில் கெட்டமின் கொடுத்தால் இப்படி நடப்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அப்புறம் நேரம் இருக்கிறது, முதலில் கேளுங்கள்.

திருவாவடுதுறைப் பேரன்

எல்லாரும் மூளை, மின்சாரம் என்றே பேசுகிறீர்கள். மறுக்க வரவில்லை, நானும் பொறியியல் படித்தவன். ஆனால் நம் மரபில் இது புதிதில்லை. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரம் பொறுக்காமல், தன் உடலை மறைத்து வைத்துவிட்டு அவன் உடலுக்குள் புகுந்தவர் திருமூலர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் அது. கூடு விட்டுக் கூடு பாய்தல் சித்தர்கள் கைவரப் பெற்றது என்கிறோம். உடம்பு வேறு, உயிர் வேறு என்பது நம் ரத்தத்தில் ஊறியது. விவேக்நகர் சகோதரி தன் உடலைப் பார்த்து இரங்கினார் பாருங்கள், அந்த இரக்கம் யாருடையது? கட்டிலில் கிடந்த உடம்புடையதா?

ஜெனீவாவில் மின்சாரம் கொடுத்ததால் வந்தது என்றால், கதவைத் தட்டினால் திறக்கிறது என்றுதானே பொருள்? உள்ளே யாருமே இல்லை என்று ஆகிவிடுமா?

கோடும் கோப்பும்

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. மின்சாரம் கொடுத்தால் வருகிறது என்பது ஆன்மா இல்லை என்று நிரூபிக்காது. ஆனால் மேலே போனவர் உண்மையிலேயே அங்கிருந்து பார்த்தாரா என்பதைச் சோதிக்க முடியும். சோதித்தும் இருக்கிறார்கள்.

சாம் பார்னியா தலைமையில் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியா நாடுகளின் 15 மருத்துவமனைகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2014இல் முடிவு வந்தது. மேலே இருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அலமாரித் தட்டுகளில் படங்களை வைத்தார்கள். 2,060 இதய நிறுத்தங்கள். பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. அவர்களில் 101 பேரிடம் விரிவாகக் கேட்டபோது, சிகிச்சை நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் 2 சதவீதம் மட்டுமே. அவர்களுக்கு அரெஸ்ட் ஆன அறைகளில் தட்டே இல்லை. 2023இல் அடுத்த கட்டம் வந்தது. தலைமாட்டில் டேப்லெட்டில் படம், காதில் ஹெட்ஃபோனில் பழங்களின் பெயர். 567 பேரில் 53 பேர் பிழைத்தார்கள், 28 பேரிடம் பேசினார்கள். படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பழங்களின் பெயரை ஒருவர் சரியாகச் சொன்னார். சிஸ்டர் சொன்ன "காது கேட்டிருக்கலாம்" என்பதற்கு இது ஒத்துப்போகிறது.

திருவாவடுதுறைப் பேரன்

28 பேர் போதுமா தம்பி? உயிர் பிரியும் நேரத்தில் யார் டேப்லெட்டைப் பார்ப்பார்கள்? என் அப்பா போகும்போது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடும் கோப்பும்

போதாது அண்ணா. ஆராய்ந்தவர்களும் போதும் என்று சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோய் இல்லாதவர்களுக்கே இதை வரவழைக்கலாம். 2007 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று ஹென்ரிக் எர்சன் செய்தது. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மீட்டர் பின்னால் கேமரா, அதில் தெரிவது அவர் கண்ணில் மாட்டிய திரையில். அவர் நெஞ்சில் ஒரு குச்சியால் தொடும் அதே நேரத்தில் கேமராவுக்குக் கீழேயும் இன்னொரு குச்சியை அதே மாதிரி நீட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தான் பின்னால், கேமரா இருக்கும் இடத்தில், உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அந்த வெற்றிடத்தில் சுத்தியலை ஓங்கினால் உள்ளங்கை வியர்க்கும். இன்னொன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிளாங்கேயின் குழு செய்தது. அதில் முதுகைத் தடவினார்கள்.

மாரத்தஹள்ளி பிஜி விடுதியில் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். ஹெட்செட் ரூம்மேட்டுடையது. என் போனை ட்ரைபாடில் அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, படத்தை நேரலையாக ஹெட்செட்டுக்கு அனுப்பினேன். ரெண்டு டூத் பிரஷ், ஒன்று அவன் நெஞ்சில், ஒன்று போனுக்கு அடியில் காற்றில். முதலில் ஒன்றும் ஆகவில்லை. வைஃபையில் படம் அரை நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது, நெஞ்சில் பட்டதும் கண்ணில் தெரிந்ததும் பொருந்தவில்லை. கேபிள் போட்டதும் படம் உடனுக்குடன் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவன் குரல் மாறிவிட்டது. "டேய், முன்னாடி உக்காந்திருக்கிறது யாருடா? முடி வெட்டணும்போல இருக்கே" என்றான். தன் பின்னந்தலையைத்தான் சொன்னான். நான் பிரஷ்ஷைத் தாளம் மாற்றிப் பிடித்ததும் சட்டென்று கலைந்துவிட்டது.

அந்தச் சின்னத் தாமதம்தான் என்னை யோசிக்க வைத்தது. "நான் இங்கே இருக்கிறேன்" என்பது இத்தனை நுணுக்கமான ஒத்திசைவில் நிற்கிறது, பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே தாளம் நிற்பது போல. நாள் முழுக்க மூளை அதைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

விவேக்நகர் வாசி

தட்டில் படம் வைத்த ஆய்வைப் படித்ததும் எழுந்துபோய் ஸ்டூல் போட்டு பீரோ மேலே பார்த்தேன். மஞ்சள் சூட்கேஸ் அங்கே இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால், தீபாவளிக்கு வெள்ளை அடித்தபோதே பரணுக்கு ஏற்றிவிட்டாராம். பீரோ மேலே இருந்தது பழைய காலண்டர்களும் ஒரு உடைந்த கொசுவத்தி ஸ்டாண்டும்தான். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. அவ்வளவு துல்லியமாக, பூட்டில் தொங்கிய சிவப்பு நூல்வரை தெரிந்த சூட்கேஸ், நான் என் மனசில் வைத்திருந்த சூட்கேஸ்.

திருவாவடுதுறை அண்ணா மனம் வருந்தக் கூடாது. நான் கண்டதை அப்படியே வைக்கிறேன். அதனால் எனக்கு நடந்தது பொய்யாகிவிட்டது என்றும் தோன்றவில்லை. நடந்தது நடந்ததுதான். சூட்கேஸ் மட்டும் பரணில் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரை

சூசன் பிளாக்மோர் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கும் இப்படித்தான். 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவியாக இருந்தபோது வெகுநேரம் உடம்பை விட்டு வெளியே இருந்ததாக உணர்ந்தார். பிறகு தான் பார்த்த கூரைகளைச் சரிபார்த்தபோது உண்மையில் இருந்தவை வேறு. ஆன்மாவை நிரூபிக்கவே ஆராய்ச்சிக்கு வந்தவர் பல வருடம் தேடிவிட்டு, இது மூளை கட்டும் காட்சி என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அந்த அனுபவம் தன் வாழ்க்கையையே மாற்றியது என்பதை அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன். திருவாவடுதுறைப் பேரனுக்கு ஒன்று சொல்வேன். திருமூலர் வரலாற்றை டேப்லெட் சோதனையோடு மோதவிட வேண்டாம். பசுக்களின் அழுகை பொறுக்காத ஒருவர் என்பதற்காகத்தான் அந்தக் கதை நமக்குள் நிற்கிறது. அதற்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் எதற்கு? 1896இல் மதுரையில் பதினாறு வயது வெங்கடராமன் சாவுபயம் வந்து, கை கால் நீட்டிப் பிணம்போல் படுத்து, "செத்தது உடம்பு, நான் யார்?" என்று பார்த்தாரே, பின்னாளில் ரமணர் ஆனாரே, அவர் ஃபேன் பக்கத்திலிருந்து எதையும் பார்க்கவில்லை. அவர் தேடினது அது இல்லை.

திருவாவடுதுறைப் பேரன்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். உயிர் பற்றிய என் நம்பிக்கை இந்தச் சூட்கேஸால் அசையாது. ஆனால் சகோதரி போய்ச் சரிபார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதியதற்கு என் மரியாதை.

ஒயிட்ஃபீல்டு பையன்

எனக்கு வேற மாதிரி. இங்க கேக்கலாமான்னு தெரியல. மேல இருந்து பாக்கிறது இல்ல. ஆனா மீட்டிங்ல பேசும்போது என் குரல் யாரோ பேசுற மாதிரி இருக்கு. கையைப் பாத்தா என் கை மாதிரி இல்ல. மாசக்கணக்கா இப்படி. வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட பேசும்போதுகூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுற மாதிரிதான். இந்த இழையைப் படிச்சதும் நானும் அதே கேஸான்னு தோணுச்சு.

வார்டு விளக்கு

தம்பி, நல்ல வேளை கேட்டீங்க. நீங்க சொல்றது வேற. தன்னை விட்டுத் தானே விலகி நிற்கிற உணர்வு. தொடர்ந்த பதற்றம், தூக்கக் கேடு, மனச்சோர்வு, சில சமயம் கஞ்சா, இதனாலெல்லாம் வரும். பைத்தியம் பிடிக்கிறதுக்கு முதல் படி என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. இது நிஜம் இல்லைபோல இருக்கிறது என்று உங்களுக்கே தெரிகிறது பாருங்கள், அதுவே நல்ல அடையாளம். ஆனால் மாசக்கணக்கில் சுமந்துகொண்டு திரியக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். நீங்க பெங்களூர்லயே இருக்கீங்க, நிம்ஹான்ஸ் ஓபிக்கும் நேரே போகலாம்.

காதும் சமநிலையும்

தலைசுற்றல் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தாமதமாகத்தான் இழையைப் பார்த்தேன். விவேக்நகர் மேடம் முதல் பதிவிலேயே எழுதிவிட்டார்: ஒருக்களித்திருந்தவர் மல்லாந்தார், தலை சுற்றியது, கட்டில் இறங்கியது. யாராவது காதைப் பற்றிக் கேட்பார்கள் என்று கடைசிவரை படித்தேன்.

ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்பவை அவை. பக்கத்திலேயே புவியீர்ப்பை உணரும் இரண்டு பைகள், அவற்றின்மேல் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிகங்கள். அந்தப் பொடி கழன்று குழாய்க்குள் போய்விட்டால், படுக்கையில் புரளும்போது, மேலே அண்ணாந்து பார்க்கும்போது, சில நொடிகள் உலகமே சுற்றும். கண் "அசையவில்லை" என்கிறது, முதுகு "மெத்தையில் இருக்கிறேன்" என்கிறது, காது மட்டும் "விழுகிறேன்" என்கிறது. இந்த மூன்றும் சேரும் இடத்தைத்தான் 'தங்கைக்காக' எழுதியிருக்கிறார். பிரான்சின் மார்செய் நகரில் தலைசுற்றல் உள்ள 210 பேரிடம் கேட்டு 2018இல் வெளியிட்டார்கள். உடம்புக்கு வெளியே இருந்ததாகச் சொன்னவர்கள் 14 சதவீதம். அந்தத் தொந்தரவு இல்லாதவர்களில் 5 சதவீதம். பதற்றம், மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. நைட் ஷிப்டும் தூக்கமின்மையும் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஈஎன்டி டாக்டரிடம் போய் "புரண்டு படுக்கும்போது சுற்றுகிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். வெறுமனே "தலை சுத்துது" என்றால் பிபி பார்த்து சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். உங்களை உட்காரவைத்து, தலையைத் திருப்பி, வேகமாகப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். கண்மணி துடித்தால் எந்தக் காது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு மாத்திரையைவிடத் தலையை வரிசையாகத் திருப்பி வைக்கும் முறைதான் நல்லது. அதுவரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். யூடியூப் பார்த்து நீங்களாகவே தலையைத் திருப்பவும் வேண்டாம், காது மாறிப்போகும்.

விவேக்நகர் வாசி

போய் வந்தேன். வலது காது. படுக்கவைத்ததுமே சுற்றியது, டாக்டர் கண்ணைப் பார்த்துக்கொண்டே "இதோ, இதோ" என்றார். அங்கேயே தலையைத் திருப்பித் திருப்பி வைத்தார். முடிந்து எழுந்தபோது தரை தரையாக இருந்தது. மேலே இருந்து பார்த்ததையும் சொன்னேன். சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

காரணம் தெரிந்தது நிம்மதிதான். ஆனால் அன்று கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து வந்த அந்தப் பரிவு காதுக் குழாயிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளியே இருந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்குப் பட்டது. பகல் ஷிப்ட் கேட்டு மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

தங்கைக்காக எழுதியவருக்கு: உங்கள் டாக்டர் கேட்ட கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் டீமில் ஒரு பெண் தனக்கும் இப்படி நடக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அவளிடம் அதையே ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்குச் சுற்றல் இல்லை, நினைவு தப்புகிறதாம். நரம்பியல் ஓபிக்கு வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன்.

ஒயிட்ஃபீல்டு பையன்

சிஸ்டர், 14416க்குப் பேசினேன். தமிழ்லயே பேசினாங்க. நேர்ல வந்து டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க. கூட யாராவது வரணுமா? என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

வார்டு விளக்கு

தனியா போகலாம் தம்பி. கூட வர ஆள் இருந்தா நல்லது, காத்திருக்கும் நேரம் அதிகம். காலையில சீக்கிரம் போங்க. ஆதார், பழைய மருந்துச் சீட்டு ஏதாவது இருந்தா அது, இப்ப சாப்பிடுற மாத்திரைகளோட அட்டை. எப்போ ஆரம்பிச்சது, எப்போ கூடுது, எப்போ குறையுதுன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. உள்ள போனதும் மறந்துடும். சாப்பிட்டுட்டுப் போங்க.